ஏறி இறங்கும் கணக்கு: லங்காவிக்கு நேர்க் கப்பல் நின்ற பிறகு

என் தங்கை மலேசியாவின் லங்காவித் தீவில், குவா டவுனில் இருக்கிறாள். நானும் அம்மாவும் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில். அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, கைத்தடி இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. 2023 கடைசியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். போய்த்தான் ஆக வேண்டும்.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் போனேன். சுவெட்டன்ஹம் துறைமுகத்துக்கு அருகில்தான் முன்பெல்லாம் லங்காவி ஃபெரிக்கு டிக்கெட் எடுப்போம். வழக்கமான இடத்தில் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் குளிர்பானம் விற்ற மலாய்க்கார அம்மா ஒருவர் கையை விரித்தார். கப்பல் இல்லை, ரொம்ப நாளாகவே இல்லை. அங்கே நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டேன்.

“என்னக்கா, இது தெரியாதா? கொரோனா நேரத்துல நின்னதுதானே. நான் ரெண்டு தடவை அங்க வந்தேனே, பிளேன்லதான் வந்தேன்.”

இரண்டு தடவை வந்தவளிடம் எதில் வந்தாய் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அம்மாவின் டைரிக்குள் மடித்து வைத்திருந்த பழைய நேர அட்டவணையை நம்பியிருந்தோம். இப்போது யார் எந்த ஊருக்குப் போவதாகச் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: போன மாதம் அந்த வழியில் போய் வந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். காகிதத்தில் இருக்கும் நேரம் கப்பல் நின்ற பிறகும் அப்படியேதான் இருக்கும்.

அந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை எட்டரை வாக்கில் ஜார்ஜ்டவுனில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் குவா ஜெட்டி, அதாவது படகுத்துறை. உள்ளே ஏசி எலும்பு வரைக்கும் குளிரும், அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார். பைகளை முன்பக்கம் ஒரு மூலையில் மலையாகக் குவித்து வைப்பார்கள். முறுக்கு டின், மசாலாத் தூள், ஊறுகாய், தங்கைக்கு இரண்டு சேலை, ஒரு முறை சின்ன ஆட்டுக்கல் கூடக் கொண்டு போனோம். யாரும் எடை போடவில்லை. இறங்கி நடந்தால் பெரிய கழுகுச் சிலை தெரியும், மாப்பிள்ளை காரோடு நிற்பார். இத்தனை வருடமும் இது ஒரு வசதி என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

வீடு திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் பசியாறினோம். அம்மா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். ராஜுலா 1970-களில் ஓய்ந்தது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் கப்பலும் நின்றது. “கப்பல் நின்னுபோச்சேன்னு ஊருக்குப் போறதை விட்டுட்டமா? நகையை வெச்சு பிளேன் டிக்கெட் எடுத்துப் போனார் உங்க தாத்தா,” என்றார் அம்மா. சரி, வழியைத் தேடுவோம் என்று அன்று ராத்திரி உட்கார்ந்தேன்.

பினாங்கிலிருந்து இப்போது மூன்று விதமாகப் போகலாம். பாயான் லெப்பாஸில் விமானம் ஏறி லங்காவி, வானத்தில் இருப்பது 40 நிமிடம் கூட இல்லை. தீவுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் கொமியூட்டர் ரயில் பிடித்து அலோர்ஸ்டார், அங்கிருந்து வாடகைக் காரில் கோலா கெடா ஜெட்டி, பிறகு ஃபெரி. அல்லது சொந்தக் காரில் கோலா கெடாவுக்கோ கோலா பெர்லிஸுக்கோ போய், காரை அங்கேயே விட்டுவிட்டு ஃபெரி. கோலா கெடாவிலிருந்து கடலில் ஒன்றே முக்கால் மணி நேரம், கோலா பெர்லிஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்.

நான் ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். மலிவு, சாலை நெரிசல் கிடையாது, அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் பிடிக்கும். காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது அழகாக இருந்தது. அந்த நாள் எப்படிப் போனது என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்று எனக்குத் தெரிந்ததில் பாதி அன்று கற்றது.

காலையில் கிராப் கார் பிடித்துத் தீவுப் பக்க ஃபெரி ஜெட்டிக்குப் போனோம். பட்டர்வொர்த்துக்குக் கடக்க இருபது நிமிடம் போல ஆகும், பெரியவர்களுக்கு அப்போது 2 வெள்ளி (ரிங்கிட்). பழைய ஃபெரியில் காரோடு ஏறிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 2021 ஜனவரியிலிருந்து கார் ஏற்றுவது இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய படகுகளும் ஆட்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்தான். காரில் வருகிறவர்கள் பாலத்தில்தான் கடக்க வேண்டும்.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஜெட்டி, பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் நடைபாதையால் இணைந்திருக்கின்றன. இணைந்திருக்கிறது என்பது என்னைப் போல் நடப்பவர்களுக்கு நல்ல சொல். அம்மாவின் நடைக்கு அது நீளம். பத்து நிமிடம் என்று நான் போட்டிருந்த கணக்கு அரை மணி நேரமானது. லிப்ட் எந்தப் பக்கம் என்று தேடியதும் அதில் சேர்த்தி. எடுக்க நினைத்த ரயில் கண்ணெதிரே போய்விட்டது, அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம்.

ரயில் நன்றாக இருந்தது. புக்கிட் மெர்தாஜாம், தாசேக் குளுகோர், சுங்கை பட்டாணி, குரூண் என்று நின்று நின்று போனது. குரூண் நெருங்கும்போது ஜெராய் மலை பக்கத்தில் எழுந்து நிற்கும். அம்மா பிறந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தார். அலோர்ஸ்டாரில் இறங்கி, படி தேடி, லிப்ட் தேடி, வெளியே வந்து இன்னொரு கார். கோலா கெடா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

ஜெட்டியில்தான் எனக்குத் தெரியாத விஷயம் காத்திருந்தது. கடல் வற்றியிருந்தது. ஆற்று முகத்தில் சேறு மேலே தெரிந்தது. நாங்கள் எடுத்த படகு சொன்ன நேரத்தில் புறப்படவில்லை, தண்ணீர் ஏறட்டும் என்றார்கள். அதைவிடக் கஷ்டம் படகுக்கு இறங்கும் இரும்புப் பாலம். தண்ணீர் நிறைந்திருந்தால் அது ஏறக்குறைய சமமாக இருக்கும். வற்றியிருந்தால் மிதக்கும் மேடை கீழே போய்விடும், பாலம் செங்குத்தாகச் சரிந்து நிற்கும். முட்டி வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. முன்னால் ஒரு தம்பி, பின்னால் நான், நடுவில் அம்மா. கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக இறக்கினோம். அந்தத் தம்பி யாரென்று தெரியாது. பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே வந்து கை கொடுத்தவர். அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

குவாவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காதுகுத்தின்போது அம்மாவின் முட்டி வீங்கிப்போய், பேத்திக்கு ஆலம் சுற்றக்கூட எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம் செய்தார். தங்கை எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா விரல் விட்டு எண்ணினார். “வீட்டு வாசல்ல காரு, ஒண்ணு. ஃபெரி, ரெண்டு. ரயிலு, மூணு. மறுபடி காரு, நாலு. கப்பலு, அஞ்சு. மாப்பிள்ளை காரு, ஆறு. ஆறு தடவை ஏறி எறங்கியிருக்கேன்டி. முன்னெல்லாம் மூணுதான்.”

நான் நேரத்தையும் வெள்ளியையும் வைத்து வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அம்மாவின் முட்டிக்குத் தெரிந்த கணக்கு வேறு. ரயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிரமமே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, பையைத் தேடி, படியைத் தாண்டி, கூட்டத்தில் நகர்ந்து, மறுபடி உட்காரும் வரைக்கும் உள்ள அந்த இடைவெளிகள்தான் ஆளைத் தின்றன. பழைய கப்பல் எங்களுக்குக் கொடுத்த பெரிய உதவி, நடுவில் எங்கேயும் இறங்காமல் கொண்டு போய்ச் சேர்த்தது. அதற்கு மாற்று தேடுகிறவர்கள் அந்த உதவியைத்தான் தேட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். இளம் வயதில் தனியாக, முதுகுப் பையோடு போகிறவருக்கு ஆறு என்பது ஒன்றுமே இல்லை. அவருக்கு ரயில் வழி அருமையான வழி, தாராளமாகப் போகலாம்.

ஏறி இறங்குவதை எண்ணிப் பார்த்தால் விமானம் மூன்று. கார், விமானம், கார். அடுத்த முறை, 2024-இல், அப்படிப் போனோம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறிப்பிட்டுவிட்டேன். அதைக் கடைசி நேரத்தில் கேட்கக் கூடாது. வாசலிலிருந்து இருக்கை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். முட்டிக்கு இதைவிடச் சுகமான வழி கிடையாது. ஆனால் கையில் ஏழு கிலோதான், அதற்கு மேல் பெட்டிக்குத் தனிக் காசு. ஊறுகாய் ஜாடியும் முறுக்கு டின்னும் பாதியாகக் குறைந்ததில் அம்மாவுக்கு வருத்தம். பள்ளி விடுமுறையில் விலை ஒரேயடியாக ஏறுகிறது. லங்காவி விமான நிலையம் இருப்பது பாடாங் மாட்சிராட்டில், குவாவிலிருந்து தீவின் மறுபக்கம், மாப்பிள்ளை வேலையை விட்டு வர வேண்டியிருந்தது. அதோடு அம்மாவுக்குச் சளி இருந்ததால் இறங்கும்போது காது அடைத்து இரண்டு நாள் திறக்கவில்லை. சளி பிடித்திருக்கும்போது வயதானவர்களை விமானத்தில் ஏற்றுவதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

காரில் போனால் அதுவும் மூன்று. அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். 2024 ஆண்டுக் கடைசி விடுமுறையில் அவர் குடும்பத்தோடு எல்லாரும் சேர்ந்து போனோம். கோலா கெடாவா, கோலா பெர்லிஸா என்று வீட்டில் ஒரு விவாதம். பட்டர்வொர்த்திலிருந்து கணக்குப் பார்த்தால் கோலா கெடா சாலையில் கிட்டே, கடலில் தூரம். கோலா பெர்லிஸ் சாலையில் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல், கடலில் அரை மணி நேரம் குறைவு. மொத்தத்தில் வித்தியாசம் பெரிதில்லை. அதனால் உங்கள் வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று பாருங்கள். அண்ணிக்குக் கடல் ஆகாது, வாந்தி எடுத்துவிடுவார். ஆகவே கோலா பெர்லிஸ். நெடுநேரம் காரில் மடங்கி உட்கார முடியாதவர் இருந்தால் நான் கோலா கெடாவைத்தான் சொல்வேன். இரண்டு ஜெட்டிப் பக்கமும் காரை ராத்திரி தங்க விட்டுப் போக, நாள் கணக்கில் காசு வாங்கும் இடங்கள் உண்டு. ஆட்களையும் பைகளையும் முதலில் ஜெட்டி வாசலில் இறக்கிவிட்டு, ஒருவர் மட்டும் காரை விடப் போவது நல்லது.

அந்தப் பயணத்தில் இரண்டு விஷயம் தடுக்கின. அண்ணனின் சின்ன மகனுடைய மைகிட் அட்டையை (குழந்தைகளுக்கான அடையாள அட்டை) வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். ஃபெரிக்கு ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவு செய்கிறார்கள், கைக்குழந்தைக்கும்தான். அண்ணியின் கைபேசியில் பிறப்புப் பத்திரத்தின் படம் இருந்ததால் தப்பித்தோம். இன்னொன்று திரும்பும்போது. குவா ஜெட்டியில் கூட்டம், சீக்கிரம் போகும் படகு எதுவோ அதைக் கொடுங்கள் என்று அண்ணன் கேட்டு வாங்கிவிட்டார். டிக்கெட்டைப் பார்த்தால் கோலா கெடா. கார் நிற்பதோ கோலா பெர்லிஸில். இரண்டு பெயரும் கோலா என்று தொடங்குவதால் அவசரத்தில் காது ஏமாந்துவிடும், இரண்டு ஜெட்டிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சாலை இருக்கிறது. ஏறுவதற்கு முன்பே கவனித்ததால் மாற்றிக்கொள்ள முடிந்தது. டிக்கெட் கையில் வந்ததும் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள்.

கடல் வற்றுவதற்கு வருகிறேன். முட்டி வலிக்காரர் வீட்டில் இருந்தால் இது முக்கியம். அன்று கோலா கெடாவில் பட்டதற்குப் பிறகு அண்ணனின் மீன்பிடிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அதற்காகத் தனியாக எதையும் தேட வேண்டாம், நம் வீட்டு நாள்காட்டியிலேயே அமாவாசையும் பௌர்ணமியும் போட்டிருக்கிறது. அந்த நாட்களிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாளிலும் அம்மாவோடு பயணம் வைப்பதை இப்போது நான் தவிர்க்கிறேன். தவிர்க்க முடியாவிட்டால் முந்தின நாளே கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துவிட்டு, அந்த நேரத்துப் படகை விட்டுவிட்டு அடுத்ததில் போகிறோம்.

படகுக்குள் ஏறியதும் முன்வரிசையில் உட்கார வேண்டாம். அலையில் மூக்குப் பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும். நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் ஆட்டம் குறைவு. அண்ணி இஞ்சியை உப்பில் ஊறவைத்து ஒரு டப்பாவில் கொண்டு வருகிறார், அது அவருக்குக் கேட்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், பட்டினியாகவும் ஏறாதீர்கள். சால்வையை மறக்காதீர்கள்.

நேரத்தைத் திட்டமிடுவதில் நான் செய்த தவறு, வீட்டு வாசலிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கணக்குப் போட்டது. இப்போது கடலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறேன். முதலில் எந்தப் படகு என்று முடிவு. அன்றைய கடைசிப் படகை ஒருபோதும் எடுப்பதில்லை. அதைத் தவறவிட்டால் அலோர்ஸ்டாரில் அறை தேட வேண்டியதுதான். கடைசிக்கு முந்தினது, முடிந்தால் அதற்கும் முந்தினது. பிறகு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஜெட்டியில் இருக்க வேண்டும் என்று வைத்து, ரயிலையோ காரையோ பொருத்துகிறேன். ரயிலென்றால் தேவைப்படும் ரயிலுக்கு முந்தின ரயில். காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடிப்பார், கழிவறைக்குப் போய் வருவார். விசேஷம் இருந்தால் முந்தின நாள் போய்ச் சேர்வது போதாது, இரண்டு நாள் முன்னால் போகிறோம். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை நேரங்களில் போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. போகும்போது கூட்டம் பிரிந்து போகும், திரும்பும்போது எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பார்கள்.

இந்த வருடம் தங்கை வீட்டுக்குப் போக நான் விமானம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “ரயில்ல போவமே,” என்றார்.

“ஆறு தடவைம்மா. மறந்துட்டீங்களா?”

“மறக்கல. ஆனா அந்த மலையைப் பார்க்கலாம்ல.”

பிளேனில் போனால் ஜெராய் எங்கே தெரியப்போகிறது என்றார். தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டு வாசலில் நின்றால் அந்த மலைதான் தெரியுமாம். மேகம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, அன்றைக்குப் பால் வெட்ட முடியுமா என்று தாத்தா சொல்லிவிடுவாராம். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை.

சரி என்று மறுபடி எண்ண உட்கார்ந்தேன். முந்தின நாள் சாயங்காலமே அண்ணன் வந்து எங்களைப் பாலம் வழியாகப் புக்கிட் மெர்தாஜாமுக்கு அழைத்துப் போய்விடுவார், ராத்திரி அங்கே தங்கல். காலையில் அவர் காரிலேயே புக்கிட் மெர்தாஜாம் நிலையம். ஃபெரி இல்லை, பட்டர்வொர்த் நடைபாதையும் இல்லை. அலோர்ஸ்டாரில் அண்ணியின் தம்பி காரோடு நிற்பார், போனில் கார் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அமாவாசை முடிந்து ஆறாம் நாள், படகு தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில். பயணத்தன்று ஏறி இறங்குவது ஐந்து தடவை, ஐந்திலும் ஒரு கை பிடிக்க ஆள் இருக்கிறது. வடக்கே போகும்போது ஜெராய் இடது பக்கம் வரும். அந்தப் பக்க ஜன்னல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, நிலையத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.